கிளிக்குச் சலாம் பழக்கிய வருடம்

எங்கள் வீட்டுக் கிளியைப் பேச வைத்தவர் வாப்பா என்றுதான் நிந்தவூரில் இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி. பெரும்போக நெல் வெட்டு முடிந்து வரிப்பத்தான்சேனை வயலிலிருந்து வந்த வாப்பா, நெல்லோடு ஒரு கிளிக்குஞ்சையும் கொண்டுவந்தார். பட்டுப்போன தென்னையின் பொந்தில் எடுத்ததாம். அதற்கு ஒரு மாதம் முன்புதான், வயசுக்கு வந்த குமர்ப்பிள்ளையை இனியும் தெருவில் விடக் கூடாதென்று என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியிருந்தார்கள். டிசம்பரில் ஓ.எல். சோதனை, பொதுப் பரீட்சை. கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல். அதெல்லாம் யாருக்கு வேண்டும்?

"சும்மாதானே இரிக்கிறாய் மகள், கிளிக்குக் கதைக்கப் பழக்கன்," என்றார் வாப்பா. ஆண்குரலை விடப் பெண்குரல்தான் கிளிக்குச் சீக்கிரம் பிடிபடுமாம்.

கூண்டை மூடுவதற்கு உம்மா ஒரு வெள்ளைத் துணி தந்தார். விரித்துப் பார்த்தால் என் பள்ளிக்கூடச் சட்டை, தையல் பிரித்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கே எனக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

விடியச் சுபஹு தொழுததும், வீட்டில் சத்தம் எழும்புவதற்கு முன், துணியை நீக்காமலே கூண்டருகில் இருந்து "அஸ்ஸலாமு அலைக்கும்" என்பேன். ஒரே குரலில், ஒரே வேகத்தில், ஐம்பது தடவை. இடையில் வேறு சொல் வந்தால் கிளி குழம்பிவிடும். பின்னேரமும் அப்படியே. நாக்கு வறண்டுபோகும். அந்தச் சனியன் என் விரலைக் கொத்துமே தவிர வாய் திறக்காது. மூன்றாம் மாதம் ஒருநாள் திடீரென்று சலாம் சொன்னது, அச்சாக என் குரலில். அழுதுவிட்டேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்று உம்மா நினைத்தார்.

அன்றே கூண்டு தெருவைப் பார்த்த விறாந்தைக்குப் போனது. நான் கொஞ்சம் உரத்துச் சிரித்தால், "குமர்ட குரல் தெருவுக்குக் கேக்கப்படா" என்று அதட்டுகிற அதே வாப்பா, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு என் குரலைக் கேட்க வைத்தார்.

அப்போதுதான் எங்கள் கணக்கு டீச்சர், காரைதீவுக்காரர், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். வகுப்பு வரவு இடாப்பில் என் பெயரை வெட்டும் முன் வாப்பாவோடு ஒருமுறை கதைத்துப் பார்க்க வேண்டுமாம். எனக்கு உயிர் வந்தது.

உம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துப்போனார். "டீச்சர் கேட்டா, எனக்குப் படிக்க விருப்பமில்லண்டு சொல்லு. இப்ப வாப்பாட மரியாதையக் காப்பாத்து. நோன்பு முடியட்டும், நானே அவரோட கதைச்சு உன்ன அனுப்புறன்."

நம்பினேன். பெற்ற தாயை நம்பாமல் யாரை நம்புவது? இரண்டு நாள் காலையும் மாலையும் அதையே சொல்ல வைத்தார். "அழாமச் சொல்லு. இன்னொருக்கா."

டீச்சர் வந்து விறாந்தையில் அமர்ந்ததும் கிளி சலாம் சொன்னது. டீச்சர் சிரித்துவிட்டார். "ஆர் காக்கா பழக்கினது?" என்று வாப்பாவைக் கேட்டார். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்.

"நான்தான் டீச்சர். மூணு மாசம் மெனக்கெட்டன்," என்றார் வாப்பா, கொஞ்சமும் கூசாமல். கதவுத் திரைக்குப் பின்னால் உம்மாவோடு நின்று அதையும் கேட்டேன்.

"புள்ளைய விடுங்க காக்கா. சோதனை பாஸ் பண்ணினா நாளைக்கு அவளும் ஒரு டீச்சர்."

"நானா மறிக்கிறன்? அவளுக்குத்தான் விருப்பமில்ல."

"அத அவளே சொல்லட்டும்."

உம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

"எனக்குப் படிக்க விருப்பமில்ல டீச்சர்," என்றேன். குரல் நடுங்கவேயில்லை. அதற்காக இன்றுவரை என்னையே நான் மன்னிக்கவில்லை.

டீச்சர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நோன்பு வந்தது. பெருநாளும் முடிந்தது. உம்மாவாகவே வாய் திறப்பார் என்று இன்னும் பத்து நாள் பொறுத்தேன். பிறகு ஒரு காலை, அரிசி கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய், "உம்மா, வாப்பாவோட எப்ப கதைப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "என்னத்தக் கதைக்கிற? நீதானேடி டீச்சருக்கு முன்னால விருப்பமில்லண்டு சொன்னாய்."