ஐந்நூறு மீட்டர்

ஆர்மெல் நல்லவள் என்று சேன்-மொரியோன் என்ற அந்தப் பிரெஞ்சுக் கிராமத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். நன்றாகச் சமைப்பாள் என்று சொல்வார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் பருப்பும் பன்றித் தொத்திறைச்சியும் வேகவைத்துப் பாதி ஊரை வளர்த்தவள். அறுபத்தாறு வயதில் அவளுக்கு ஒரே ஒரு வேலைதான் மிச்சமிருந்தது. மேயர் ரெஜி ஷபனெல் தன் வீட்டைக் கட்டிவிடக்கூடாது.

அவள் வீடு தேவாலயத்துக்கு எதிரே இருக்கிறது. தேவாலயம் அரசுப் பட்டியலில் உள்ள பழஞ்சின்னம். அதைச் சுற்றி ஐந்நூறு மீட்டருக்குள் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். பேருந்து ஓட்டிய கணவன் லூசியான் பக்கவாதத்தில் விழுந்தபோது, அவள் கட்டிலைத் தெருப்பக்க அறைக்கு மாற்றினாள். அங்கே ஜன்னல் உளுத்துப்போயிருந்ததால் வெள்ளைப் பிளாஸ்டிக் ஜன்னல் ஒன்றை வைத்தாள். அழகிய கிராமங்களின் பட்டியலில் ஊரைச் சேர்க்கத் தேர்வுக் குழு வரப்போகும் நேரம் அது. அனுமதியில்லாத ஜன்னல் என்று ரெஜி மேலிடத்துக்குக் கடிதம் போட்டான். ஜன்னலைக் கழற்று, மரத்தில் செய், ஆறு கண்ணாடி, சாம்பல் நிறம் என்று உத்தரவு வந்தது. தச்சன் ஈஸ்டருக்குப் பிறகுதான் வருவேன் என்றான். அதுவரை பலகை வைத்து அடைத்தாள். ஆயுள் முழுக்கக் கண்ணாடி வழியே சாலையைப் பார்த்த மனிதன், கடைசி மூன்று மாதம் பலகையைப் பார்த்துக்கொண்டே பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தான்.

கல்லறையில் ரெஜி கை கொடுத்தான்.

"மனசுல வெச்சுக்காத ஆர்மெல். ஊர் அழகுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

அவள் மனசில்தான் வைத்துக்கொண்டாள். வேறு எங்கே வைப்பாள்?

ரெஜி தனக்கென்று வீடு கட்டத் தேர்ந்தெடுத்தது ஓடைப் பக்கத்துப் புல்வெளியை. முன்சுவர் முழுக்கக் கண்ணாடி, பின்னால் நீச்சல் குளம். தேவாலயத்திலிருந்து சரியாக ஒரு கிலோமீட்டர். "அங்க எவனும் என்னைக் கேள்வி கேக்க முடியாது" என்று மதுக்கடையில் சிரித்தான். புல்வெளிக்கு அடுத்த நிலம் ஆர்மெலின் தகப்பன் விட்டுப்போனது. அதில் வட்டமாக ஒரு பழைய புறாக் கோபுரம், ஒருகாலத்தில் பிரபு புறா வளர்க்கக் கட்டியது. உள்ளே கோழிகளும் மண்வெட்டிகளும்.

ஒருநாள் ஊர்ச் சிற்றேட்டை விரித்துப்போட்டு அதன்மேல் பூண்டுத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். ரெஜியே எழுதி, தன் படத்தோடு அச்சடித்த சிற்றேடு. நான்காம் பக்கத்தில் அந்தப் புறாக் கோபுரம். வட்டாரத்திலேயே பழையது, ஆயிரத்து இருநூறு பொந்துகள், பிரபுவின் பெருமை, ஊரின் மணிமகுடம். சருகைத் தட்டிவிட்டு இரண்டுமுறை படித்தாள். அன்றே பக்கத்தைக் கிழித்து இணைத்து, கோபுரத்தைச் சின்னமாக்கும்படி விண்ணப்பம் அனுப்பினாள்.

லிமோஜ் நகரத்துச் சின்னங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து பொந்துகளை எண்ணினாள்.

"உள்ள கோழி இருக்கே, மதாம்?"

"அதுங்களுக்குச் சொந்த பத்திரம் எதுவும் இல்ல. தொரத்திடலாம்."

அம்மாள் சிரித்துவிட்டு, மேயரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும் என்றாள். எல்லாம் அவன் கையில் போய் நின்றதே!

நகர மன்றத்தில் ரெஜி தாளை வாங்கிப் பார்த்தான்.

"அட, உனக்கும் ஊர்மேல அக்கறை வந்துடுச்சா? இன்னொரு சின்னம்னா குழு அசந்துடும்!"

அந்த ஊரில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் ஐந்நூறு மீட்டர் என்றால் தேவாலயத்திலிருந்துதான். பிறந்த நாள்முதல் அப்படியே அளந்து பழக்கம். வேறொரு கல்லிலிருந்தும் அதை அளக்கலாம் என்று அவன் புத்தியில் தட்டவேயில்லை. கையெழுத்தைப் போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்தான். ஆர்மெல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மே மாதம் கோபுரம் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. ஜூனில் ரெஜியின் வரைபடம் திரும்பி வந்தது. கோபுரத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் கண்ணாடிச் சுவர், குளம், வீடு, எதற்கும் அனுமதியில்லை. கோபுரத்தடியில் நின்றவளிடம் அவன் மூச்சிரைக்க வந்தான்.

"வேணும்னே செஞ்சியா?"

"வேணும்னேதான்."

"பழைய வீட்டை வித்துட்டேன்டி! என் பொண்டாட்டிக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"ஊர் அழகுன்னு சொல்லு. லூசியானுக்கு அதைத்தான் நான் சொன்னேன்."

"உனக்கு மட்டும் என்ன லாபம்? நாளைக்கு இதுல ஒரு ஓடு மாத்தணும்னாலும் நீதான் கைகட்டி நிக்கணும்!"

"நிக்கிறேன். ஆயுசு பூரா நிக்கிறேன்."

செப்டம்பரில், பழஞ்சின்னங்களை எல்லாருக்கும் திறந்து காட்டும் பாரம்பரிய நாள். கோபுரத்தின் முன்னால் வெளியூர்க்காரர்கள் நூறு பேர், தேர்வுக் குழு வேறு. மூவண்ண நாடாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு மேயர்தான் கோபுரத்தின் பெருமையைப் பேசியாக வேண்டும். பேசினான். ஆர்மெல் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

தொப்பி வைத்த ஒரு பெண்மணி கை தூக்கினாள்.

"இவ்ளோ நல்ல புல்வெளி பக்கத்துலயே சும்மா கெடக்கே, யாரும் வீடு கட்டலையா?"

ரெஜி குழுவைப் பார்த்தான். பிறகு ஆர்மெலைப் பார்த்தான். முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது.

"இல்ல மதாம்" என்றான். "பார்வையை மறைக்கக்கூடாதுன்னு நாங்களே விட்டுட்டோம்."

ஆர்மெல் எழுந்து நின்று கைதட்டினாள்.