தவிடு தின்ற மீன்கள்

ஏரி மீனின் பித்தப்பை சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். ஊசியால் குத்திப் பித்தத்தை உறிஞ்சுவது ஹைதராபாத் ஆய்வகத்தில் என் வேலை. அன்றைக்கு அறுத்த மீன்களில் எல்லாப் பையும் பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோல் மாதிரி சப்பையாகக் கிடந்தது. எங்கள் தலைமை ஆய்வாளர் மேடம் எட்டிப் பார்த்து, "ஐயோ, யாரு பா இதுங்களுக்குத் தீனி போட்டது?" என்றார்.

மருந்தாலைக் கழிவில் ஹார்மோன் போல வேஷம் போடும் ரசாயனங்கள் உண்டு. ஆண் மீனின் உடம்பில்கூட முட்டைக்கான புரதத்தை ஊற வைத்துவிடும். பாவம், மீனின் ஈரல் சும்மா இருப்பதில்லை. நஞ்சை நீரில் கரையும்படி மாற்றிப் பித்தத்தோடு பைக்குள் தள்ளும். இரை தின்றதும் பை காலியாகிவிடும், சாட்சியும் போய்விடும். அதனால் எங்களுக்குப் பட்டினி மீன்தான் வேண்டும்.

மீன்களைக் கொண்டுவந்தவர் பட்டான்செருவுக்கு அப்பால் ஓர் ஏரியின் மீனவர் சங்கத் தலைவர். மருந்தாலைக் கழிவை ஏரியில் விடும் வாய்க்காலை மூட வைக்க வருடக்கணக்காக அலைந்தவர். சோதனைக்குப் போகிற மீன் வாடியிருந்தால் ஏரிக்கு அவமானம் என்று, பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல, வழியெல்லாம் டிரம்மில் தவிடு தூவிக்கொண்டே வந்திருக்கிறார்! எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. "நக்கோ பா, கத்தாதே. பாசத்துல பண்ணிட்டார்" என்று மேடம் என்னை அடக்கிவிட்டு, அவரிடம் தெலுங்கில் பொறுமையாக விளக்கினார்.

அடுத்த முறை பட்டினி மீன் வந்தது. பைகள் கரும்பச்சையாகப் புடைத்திருந்தன. கருவி காட்டிய நஞ்சின் அளவைப் பார்த்து நான் துள்ளினேன். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. மீன்தான் நஞ்சை வெளியே தள்ளிவிடுமே, பிறகும் இவ்வளவா என்று கேட்டார். "தள்ளத் தள்ளத் தண்ணி திரும்ப ஊத்துதே" என்றார் மேடம்.

அறிக்கை போனது. உத்தரவும் வந்தது, அந்த ஏரியில் மீன் பிடிக்கக் கூடாது என்று. வாய்க்காலைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அட கடவுளே, இதற்கா இத்தனை பாடு என்று அலுத்துப்போனது. அந்த அலுப்பு இன்னும் போகவில்லை.

மேடம் ஓய்வு பெற்று மல்காஜ்கிரியில் இருக்கிறார். போன வாரம் பார்க்கப் போனபோது தலைவரைப் பற்றி விசாரித்தார்.

"ஆலையில வாட்ச்மேனா இருக்கார், மேடம்."

"அங்கயா? கைக்கு, ஏன் பா?"

"வேற வேலை கிடைக்கலையாம். வாய்க்கால் வெளிய வர்ற கேட்லதான் டியூட்டி. மீனவங்க யாரும் உள்ள வராம பார்த்துக்கணும்."