கீற்று மறைப்பு

அறுபதுகளின் கடைசியில், காரைக்குடிக்குப் பக்கத்து ஊரொன்றில், ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பெண் பிள்ளைகளும் படித்த பள்ளி. அவர்களுக்குக் கக்கூஸ் கிடையாது. மதியம் மணியடித்ததும் கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டுக்குக் கூட்டமாகப் போவார்கள். அதற்குக் கூசியே பலர் நாளெல்லாம் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வயதுக்கு வந்ததும் ஒவ்வொருத்தியாகப் படிப்பை விட்டு நின்றார்கள்.

ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. "ரொம்ப அவசியம் டீச்சர்" என்று தலைமையாசிரியர் உடனே கமிட்டி போட்டார். தமிழாசிரியர் தாளாளரிடம் பேச வேண்டும். அறிவியல் சார் கொத்தனாரைக் கூட்டி வர வேண்டும். நான் இடம் பார்க்க வேண்டும். நான் மதிலோரம் இடம் பார்த்து வைத்தேன். கொத்தனார் எங்கே என்றால், "தாளாளர் சரின்னு சொல்லட்டும்" என்றார் அறிவியல் சார். தாளாளரிடம் பேசினீர்களா என்றால், "கொத்தனார் வந்து பாக்காம நான் என்னத்தைப் பேச?" என்றார் தமிழாசிரியர். ஒவ்வொரு கூட்டத்திலும் இதையே பேசி, வடை தின்று கலைந்தோம்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, தையல் டீச்சரும் நானும் ஒரு சனிக்கிழமை ஆள் வைத்துக் குழி வெட்டினோம். சுற்றிலும் தென்னங்கீற்று கட்டினோம். திங்களன்று பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் புலியான ஒருத்தி, ஆசாரி வீட்டுப் பெண், என்னிடம் ஓடி வந்தாள். "இனி எங்கம்மா என்னைய நிப்பாட்ட மாட்டாக டீச்சர்."

அந்த வாரமே தாளாளர் காரில் வந்து இறங்கினார்.

"யாரைக் கேட்டுக் கட்டினீக?"

"கமிட்டியில முடிவானதுதான் சார்."

"முடிவானா போதுமா? ஆண்டு விழாவுக்குப் பெரியவுக வார நேரத்துல, நுழைஞ்சதும் இதுவா கண்ணுல படணும்?"

கமிட்டிக்காரர்களைப் பார்த்தேன். ஒருவர் தரையைப் பார்த்தார், இன்னொருவர் வானத்தை. "நான் அப்பவே சொன்னேன் டீச்சர்" என்றார் தலைமையாசிரியர். அவர் அப்போது சொன்னது "ரொம்ப அவசியம்" என்பது மட்டும்தான்.

சாயங்காலத்துக்குள் கீற்றைப் பிரித்துக் குழியை மூடிவிட்டார்கள். விழாவுக்குப் புதிதாகச் சிமெண்டு மேடை எழும்பியது. அதில் நின்று தாளாளர் பெண் கல்வியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கோடை விடுமுறை முடிந்து ஆசாரி வீட்டுப் பெண் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மோர் கொடுத்தார்.

"நீங்க கட்டினீக, அவுக பிரிச்சாக. சமைஞ்ச புள்ளைய நான் காட்டுக்கா அனுப்ப?"

உள்ளேயிருந்த அந்தப் பெண் கடைசிவரை என் முன்னால் வரவேயில்லை. சீக்கிரமே சிங்கம்புணரியில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

மறுவருடம் நான் வேறு பள்ளிக்குப் போய்விட்டேன். எழுபதுகளின் நடுவில், கல்வி அதிகாரி கண்டித்த பிறகு, அங்கே பெண்களுக்குக் கக்கூஸ் கட்டினார்கள். திறப்பு விழாவில் பழைய கமிட்டிக்காரர்களுக்குப் பொன்னாடை. எனக்கும் அழைப்பு வந்தது, போகவில்லை. தையல் டீச்சர் இன்னும் அங்கேதான் வேலை பார்த்தார். சில மாதம் கழித்துச் சந்தையில் பார்த்தபோது, பிள்ளைகளுக்கு இப்போது வசதிதானே என்று கேட்டேன்.

"பூட்டி வச்சிருக்காக. அதிகாரி வந்தாத் திறப்பாக" என்றார்.