ஜெசிந்தா ஏறாத சுவர்

போன வாரம் பக்கத்து வீட்டில் பழைய மதில் சுவரை இடித்தார்கள். முதல்நாள் மழையில் நன்றாக ஊறிய செங்கல். கடப்பாறை விழ விழ அந்த வாசனை சன்னல் வழியாக அடுப்படிக்குள் வந்துவிட்டது. மழை பெய்தால் மண் மணப்பதை எல்லோரும் சொல்வார்கள். நனைந்த செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த வாசனை வேறு. எனக்கு அது ஆகாது. அடுப்பை அணைத்துவிட்டுச் சன்னல்களையெல்லாம் சாத்தினேன். "என்னம்மா, தூசியா?" என்றாள் மகள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். இந்த மாதிரிப் பொய்கள் எனக்குச் சுலபமாக வரும். பெரிய பொய் ஒன்றைச் சொல்லிப் பழகியவள் நான். உங்களிடம் சொல்வதற்கென்ன.

என் முதல் வேலை, திருநள்ளாறு சாலையிலிருந்து பிரிந்து வயலுக்குள் போகும் ஓர் ஊரின் அரசு தொடக்கப் பள்ளியில். ஊர்ப் பெயர் வேண்டாம். ஓடு போட்ட இரண்டு அறைகள், பெரிய சார் என்று நாங்கள் கூப்பிட்ட தலைமை ஆசிரியர், இன்னொரு டீச்சர், தற்காலிகமாக நான். முதல்நாள் கஞ்சி போட்ட சேலையில், எதிரே வருகிறவர்கள் கும்பிடுவார்கள் என்ற நினைப்போடு வரப்பில் நடந்தேன். பாதி வழியில் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். நடவு நட்ட பெண்கள் கும்பிடவில்லை, கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான்.

மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில். இந்தப் பக்கம் நான் ஏழாம் வாய்ப்பாடு சொல்வேன், அந்தப் பக்கம் இன்னொரு டீச்சர் பூக்களின் பெயர் சொல்வார். ஒரு பிள்ளை சிலேட்டில் 'ஏழு மூணு செம்பருத்தி' என்று எழுதிக் காட்டியது. மழைக்காலத்தில் எல்லா வகுப்பும் ஒழுகாத மூலைக்கு வந்துவிடும். ஈரத் தலை, மதியச் சாம்பார், ஊறிய சுவர், இவற்றின் நடுவே சோப்பு மணம் ஒன்று தனியாக வரும். அது வந்தால் ஜெசிந்தா வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

ஜெசிந்தா மூன்றாம் வகுப்பு. அவள் அம்மா பிலோமினா திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகள் துவைத்தாள். அறைகளில் விட்டுப்போன சோப்புத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவாள். மகள் அதைக் காகிதத்தில் மடித்து வந்து தோழிகளுக்குக் கொடுப்பாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். "மூஞ்சிக்குப் போடுங்க டீச்சர், வாசமா இருக்கும்" என்றாள். சொல் மீறாத பிள்ளை. புத்தகத்தில் பக்கம் திருப்பவும் அனுமதி கேட்பாள். சில நாள் எரிச்சலில், "மூச்சு விடுறதுக்கும் கேப்பியா?" என்று கடிந்திருக்கிறேன்.

பள்ளிக்குப் பின்னால் இருந்த கழிவறைச் சுவர் சாய்ந்திருந்தது. நான் இரண்டு முறை பெரிய சாரிடம் சொன்னேன். "ஆபீசுக்கு எழுதியாச்சும்மா" என்றார். நானும் அதோடு விட்டேன்.

கார்த்திகை மாதம். மூன்று நாளாக விடாத மழை. ஜெசிந்தா என் மேசை அருகே வந்து ஒரு விரலைக் காட்டினாள். நான் சிலேட்டைத் திருத்திக்கொண்டே, தலை நிமிராமல், "போயிட்டு சீக்கிரம் வா" என்றேன். கொஞ்ச நேரத்தில் மூட்டை இறக்கியது போல ஒரு சத்தம். ரேஷன் லாரி என்று நினைத்தேன். இன்னொரு சிலேட்டையும் திருத்தி முடித்தேன். பிறகுதான் வயலில் இருந்தவர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள்.

செங்கற்களை அவர்கள்தான் எடுத்துப் போட்டார்கள். டிராக்டரில் அவளை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். காரைக்கால் வருவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் அதிகாரிகள் வருவதாகச் சொல்லி, பெரிய சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்த மனிதர். இரவெல்லாம் அழுத கண்கள்.

"புள்ள செவுத்துல ஏறுச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்கம்மா. நானும் அதையே எழுதுறேன். இல்லன்னா ரெண்டு பேரு வேலையும் போயிடும். போன உசுரு திரும்பியா வரப்போவுது?"

எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. 'பலமுறை எச்சரித்தும் கேளாமல் சுவரின் மீது ஏறியதால்' என்று எழுதினேன். 'பலமுறை எச்சரித்தும்' என்பதை அவர் சொல்லவில்லை. வாக்கியம் நிறைவாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தது.

மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிலோமினா எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சலவைச் சோடாவில் துவைத்துத் துவைத்துத் தோலுரிந்த கை.

"பல தடவ சொன்னீங்களாமே டீச்சர். கேக்காம ஏறிட்டாளே பாவி. உங்களுக்கு எவ்வளவு கஷ்டத்தக் குடுத்துட்டுப் போயிட்டா... மன்னிச்சிக்குங்க."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

வேலை நிரந்தரமானது. மாற்றலாகிப் போனேன், கல்யாணம், குழந்தை. பெரிய சாரும் காலமானார். பதினாலு வருடம் கழித்து, என் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன வருடம், கல்லறைத் திருநாளன்று பிலோமினாவைத் தேடிப் போனேன். மகளின் கல்லறையில் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏறலியா?" என்றாள்.

"இல்லங்க. எங்கிட்ட கேட்டுட்டு ஒண்ணுக்குத்தான் போனா. செவுரு தானா விழுந்துச்சு."

கையிலிருந்த புல்லைக் கீழே வைத்தாள். பிறகு, "வருசா வருசம் இங்க வந்ததும் மொதல்ல அவளத் திட்டுவேன் டீச்சர். திட்டி முடிச்சிட்டுத்தான் மெழுகுவத்தி ஏத்துவேன்" என்றாள். கல்லைக் கையால் துடைத்தாள். "நீங்க போங்க" என்றாள். நான் எழுந்து வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்தபோது, குனிந்து கல்லிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. மகனோடு திருப்பூர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். உண்மையை எழுதி ஆபீசுக்குக் கொடுத்தேன். அவ்வளவு பழைய காகிதம் எதுவும் இல்லை என்று என் மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பக்கத்து வீட்டுச் சுவர் இடித்த மறுநாள் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். பிள்ளைகள் வேனில் டவுனுக்குப் போக ஆரம்பித்ததும் பள்ளியை மூடிவிட்டார்களாம். அறைகள் இல்லை, ஓடுகள் இல்லை, வரப்பு இருந்த இடத்தில் தார் ரோடு. பள்ளி இருந்த இடத்தில் கொம்யூன் பஞ்சாயத்தின் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அதன் சுற்றுச்சுவரில் ஒரு சின்னப் பெண் காலை வைத்து ஏறினாள். அவள் அம்மா, இருபத்தைந்து வயது இருக்கும், குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஏய், எறங்குடி! ஜெசிந்தா மாதிரி சாவப்போறியா?"

நான் அவள் பக்கத்தில் போனேன். "ஜெசிந்தா யாரும்மா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க, நான் வாக்கப்பட்டு வந்தவ. முன்னாடி இங்க பள்ளிக்கூடம் இருந்துச்சாம். டீச்சர் பல தடவ சொல்லியும் கேக்காம செவுத்துல ஏறி செத்துப்போன பொண்ணாம். இங்க எல்லாப் புள்ளைங்களுக்கும் அதச் சொல்லித்தான் பயம் காட்டுவாங்க."

"அவ ஏறலம்மா. கேட்டுட்டுத்தான் போனா."

அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க யாருங்க?"

"அந்த டீச்சர்" என்றேன்.