பல்லி சொல்லும் வரை

எழுபதுகளின் பிற்பகுதி, பங்குனி மாத வெயில். பூந்தமல்லி பக்கம் நூம்பலில் ஓர் இலுப்பை மரத்தடியில், கையில் தொரட்டியும் காலடியில் ஐஸ் நிரப்பிய தூக்குவாளியுமாக நின்றிருந்தேன்.

நான் அப்போது தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. அந்தப் பகுதியில் அங்கங்கே மிஞ்சியிருந்த இலுப்பை மரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கிய உறவு என்று கண்டுபிடிப்பது என் வேலை. கொழுந்தை அரைத்து, சாற்றை மாவுச்சத்துக் களியில் வைத்து, மின்சாரம் செலுத்திச் சாயம் ஊற்றினால் கோடுகள் தெரியும். அவைதான் மரத்தின் பரம்பரை அடையாளம். "இவ்ளோ படிச்சுட்டு களி கிண்டத்தான் போறியா?" என்று அம்மா கேலி செய்வாள். ஆனால் கொழுந்து சூடுபட்டால் கோடு விழாது. காலேஜ் போய்ச் சேரும்வரை ஐஸிலேயே இருக்க வேண்டும். கொழுந்து விடுவதோ வருஷத்துக்கு ஒரு முறை. எனக்கு உதவித்தொகை அந்த வருஷத்தோடு முடிகிறது. பிறகு கல்யாணம்தான் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

காலையிலிருந்து பறித்ததெல்லாம் தூக்கில் இருந்தது. இது கடைசி மரம், இருப்பதிலேயே வயதானது. இது இல்லாமல் மற்றவற்றை எதோடு ஒப்பிடுவது? நிலத்துக்காரரிடம் முன்பே கேட்டிருந்தேன். கிளையை வளைத்ததுதான் தாமதம், கீரைப் பாத்தியிலிருந்து ஓர் அம்மா ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"யாரக் கேட்டும்மே அம்மா மேல கை வெச்ச?"

மரத்தடியில் அம்மனாக மஞ்சள் பூசி வைத்திருந்த கல்லை அப்போதுதான் பார்த்தேன். நிலத்துக்காரர் அனுமதி தந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"நெலந்தான் அவருது. மரம் அம்மாளோடது. பல்லி சொல்லட்டும், அப்பால எடு."

கற்பூரம் ஏற்றினார். அக்கம்பக்கத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள். கேட்டுவிட்டால் பதில் வரும்வரை யாரும் நகரக் கூடாதாம். பல்லியோ வாயே திறக்கவில்லை. தூக்கின் அடியில் கசிந்த நீர் மண்ணை நனைத்துக்கொண்டே போனது. என் இரண்டு வருஷ உழைப்பும் அதோடு போய்க்கொண்டிருந்தது. விஞ்ஞானம் படித்தவள் என்ற மிதப்பெல்லாம் போய், முகம் தெரியாத ஒரு பல்லியிடம் மனசுக்குள் கெஞ்சினேன்.

கடைசியில் எங்கோ பொந்துக்குள்ளிருந்து 'ட்ச் ட்ச்' என்றது.

அந்த அம்மாவே கல்லைக் கும்பிட்டுவிட்டு, கொழுந்தைக் கிள்ளி இரு கையாலும் கொடுத்தார். மூடியைத் திறந்தேன். தண்ணீரில் ஐஸ் சில்லுகள் நாலைந்து மிதந்தன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இதுக்கா அழுவுற? இரு," என்று தெருவுக்கு ஓடினார். ஐஸ்பழம் விற்றுக்கொண்டு சைக்கிளில் போனவரை வழிமறித்தார்.

"அண்ணாத்தே, பொட்டியத் தொற! அம்மா குடுத்த எல, வாடிடப் போவுது!"

ஐஸ்காரர் உடனே இறங்கிப் பெட்டியைத் திறந்தார். சிவப்பும் மஞ்சளுமாக இருந்த குச்சி ஐஸையெல்லாம் தூக்கில் திணித்து, சாக்கை நனைத்துச் சுற்றினார். சற்று முன் என்னை மறித்து நின்றவர்களே வேலப்பன்சாவடி பஸ்ஸுக்கு ஓடு ஓடு என்று விரட்டினார்கள். அதே சைக்கிளில் தூக்கு முன்னால் போக, நான் பின்னாலேயே ஓடினேன்.

அன்று சாயத்தில் எல்லா மரத்துக்கும் கோடு விழுந்தது. நூம்பல் மரத்தின் கோடுகளை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அதன்பின் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ மரங்களிடம் போயிருக்கிறேன். இன்றும் ஓர் இலையைக் கிள்ளுமுன் என் மணிக்கட்டை அந்த அம்மா பிடித்திருப்பதாகவே தோன்றும், பக்கத்தில் யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவேன்.