ஏழடி ஆழத்தின் ஓரத்தில் ஒரு பெஞ்சு

என் வீட்டுக்காரருக்கு நீச்சல் குளத்தில் வேலை. இருபத்திரண்டு வருடமாக அங்கேதான். தண்ணீரைச் சுத்தம் செய்வது, குளோரின் போடுவது, மோட்டார் ஓட்டுவது, ஈரக்காலோடு ஓடும் பிள்ளைகளைப் பார்த்து விசில் ஊதுவது எல்லாம் அவர்தான். ஒரு கை தண்ணீரை அள்ளி முகர்ந்தே மருந்து கூடவா குறைவா என்று சொல்லிவிடுவார். அதே குளத்தின் வாசலில் டிக்கெட் கொடுப்பது நான். மதியம் என் ஜன்னலை மூடிய பிறகும் அவருக்கு ஒரு மணி நேர வேலை பாக்கி இருக்கும். அதுவரை முட்டிவலியோடு சுவரில் சாய்ந்து நிற்பேன். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"இங்க ஒரு பெஞ்சு போட்டா யாருக்கு என்ன குறைஞ்சுடும்?"

"யாரும் போட வேணாம். நானே செஞ்சு போடுறேன்," என்றார்.

உடை மாற்றும் அறையில் கழற்றிப் போட்ட பழைய கதவுகள் இரண்டு இருந்தன. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அறுத்தார். திங்கட்கிழமை குளத்துக்கு விடுமுறை; மூன்று திங்கட்கிழமை இதிலேயே போயின. முதலில் ஒரு கால் குட்டையாகிவிட்டது. அதற்குச் சமமாக மற்ற மூன்றையும் வெட்டினார். இப்போது அந்த ஒன்று நெட்டையாக நின்றது.

"இப்படியே போனா பாய்தாங்க மிஞ்சும்," என்றேன்.

முறைத்தார். பிறகு பழைய கதவு நிலையை அறுத்துப் புதிதாக நான்கு கால் வைத்தார். வேலை முடியும்வரை சிவப்புப் பிடி போட்ட தன் ஸ்க்ரூ டிரைவரை அவர் கீழே வைக்கவே இல்லை. அதை யாருக்கும் இரவல் தரமாட்டார், என்னிடம்கூடக் கொடுத்ததில்லை.

மூன்றாவது திங்கள் கடைசி ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, ஆழமான பக்கத்தில், விளிம்பிலிருந்து இரண்டெட்டு தள்ளிப் பெஞ்சைப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

"அப்படியே இரு. கோணலா இருக்கான்னு பாக்குறேன்."

கையில் ஸ்க்ரூ டிரைவரோடு என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார். ஓர் அடி, இரண்டடி. மூன்றாவது அடிக்குத் தரை இல்லை. தொபுக்கடீர் என்று விழுந்தார்.

சிரித்துவிட்டோம். மோட்டார் அறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த மெக்கானிக், "சட்டையக் கழட்டிட்டுக் குதிக்கக் கூடாதாண்ணே?" என்றான். மேலே வந்தார், கையை அடித்தார், உள்ளே போனார். "அண்ணன் சும்மா படம் காட்டுறாருக்கா," என்று, பெஞ்சைப் பார்க்க வந்திருந்த நீச்சல் பயிற்சியாளர் கைதட்டினார். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நானும்தான்.

அப்போது அந்தச் சிவப்புப் பிடி அவர் கையிலிருந்து நழுவி அடியில் இறங்கியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஐயோ, அவருக்கு நீச்சல் தெரியாதுடா!"

கத்தியது நான்தான். கத்திய அந்த நொடிவரை எனக்கே அது தெரியாது.

எழுந்து பெஞ்சைத் தண்ணீருக்குள் தள்ளினேன். முட்டிவலிக்காரி எப்படித் தள்ளினேனோ, இன்றைக்கும் புரியவில்லை. அது சாய்ந்தபடி மிதந்தது. அவர் அதன் ஒரு காலைப் பிடித்துவிட்டார். அதற்குள் பயிற்சியாளர் குதித்து அவரை ஏணிக்கு இழுத்து வந்தார்.

தண்ணீராகக் கக்கினார். அவர் முதுகில் தட்டினேன், பாதி தட்டல், பாதி அடி.

"இருபத்திரண்டு வருஷமாங்க! ஒரு வார்த்த சொல்லலையே!"

"வேலைக்குச் சேர்றப்ப யாரும் கேக்கல," என்று இருமினார். "அப்புறம் நீதான், எங்க வீட்டுக்காரர் மீன் மாதிரி நீந்துவாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்த. அதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

அப்படிப் பீற்றிக்கொண்டது உண்மை. ஒரு நாளாவது அவர் நீந்திப் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை. தினமும் ஈரத்தலையோடு வீட்டுக்கு வருவார். அது குழாயடியில் குளித்த ஈரம்.

பெஞ்சு காய்ந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மதிய வகுப்பில், ஆழம் குறைந்த பக்கத்தில், ஆறு வயதுப் பிள்ளைகளோடு இவரும் கம்பியைப் பிடித்துக் காலடிக்கிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என் முட்டிக்காகத்தான் அந்தப் பெஞ்சைச் செய்தார். அவர் தண்ணீரில் இருக்கும்வரை என்னால் அதில் உட்கார முடிவதில்லை.