தோக்தோசுனுக்குப் புரியாத மொழியில்லை

கிர்கிஸ் நாட்டு அத்பாஷி ஊரில் தோக்தோசுனுக்கு எல்லா மொழியும் தெரிந்தவர் என்று பெயர். அந்தப் பெயரை அவருக்குச் சூட்டியவரும் அவர்தான். முப்பத்தாறு வருடம் கால்நடை இலாகாவில் ஊசி போட்டு ஓய்வு பெற்றவர். தாய்மொழி கிர்கிஸ். ரஷ்ய மொழியில் மாட்டு நோய்களின் பெயர்களும் வசைச் சொற்களும் சரளமாக வரும். உத்தியோகத்துக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. வேறு எந்த மொழியானாலும் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்பார், தலையை ஆட்டுவார், "புரிஞ்சுது" என்பார். முப்பத்தாறு வருடம் அவர் எதிரில் நின்றவை பெரும்பாலும் மாடுகள் என்பதால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

தலைநகர் பிஷ்கெக்கில் வேலை பார்க்கும் மகள், அப்பாவும் அம்மாவும் நாலு நாள் உஸ்பெக் நாட்டுப் புகாராவைச் சுற்றிப் பார்க்கட்டும் என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். அம்மாவின் போனில் மொழிபெயர்க்கும் செயலி ஒன்றையும் போட்டுவிட்டாள். தோக்தோசுன் அந்தப் போனை ரயிலிலேயே அவளிடமிருந்து வாங்கிப் பையின் அடியில், கம்பளிச் சாக்ஸுக்குள் திணித்தார்.

"உஸ்பெக்கும் நம்ம பேச்சும் அண்ணன் தம்பி. அண்ணன்கிட்டப் பேச மெஷின் எதுக்கு?"

"அந்த ஊர்ல வீட்டுக்கு வீடு தாஜிக் பேசுவாங்களாம். அது வேற குடும்பம்னு உங்க மக சொன்னாளே, கிழவரே?" என்றாள் மனைவி சைராகுல்.

"புரிஞ்சுது, புரிஞ்சுது" என்று தலையை ஆட்டினார்.

முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் இறைச்சி சூப் கேட்டார். கடைக்காரர், "நேஸ்த்" என்றார். "நேஸ்தாம், இந்த ஊர் விசேஷ ஐட்டம் போல" என்று மனைவிக்கு விளக்கிவிட்டு, இரண்டு விரலைக் காட்டி, "ரெண்டு நேஸ்த்" என்றார். 'இல்லை' என்பதை இரண்டு பிளேட் கேட்ட ஆளைக் கடைக்காரர் அதற்குமுன் பார்த்ததில்லை. வெறும் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். "ரொம்ப லேசா இருக்கு" என்று குடித்தார் தோக்தோசுன்.

இரண்டாம் நாள், பழைய வியாபாரி ஒருவரின் மாளிகை மியூசியமாக இருக்கிறது, பார்த்தே ஆகவேண்டும் என்று மகள் எழுதிக் கொடுத்திருந்தாள். சந்துக்குள் வழி கேட்டார்கள். ஒருவர் இடது பக்கம் கையைக் காட்டி நிறையப் பேசினார். தோக்தோசுன் கையை விட்டுவிட்டுப் பேச்சைப் புரிந்துகொண்டார். வலது பக்கம் போனார்கள்.

அங்கே செதுக்கு வேலைப்பாட்டுடன் ஒரு கதவு திறந்து கிடந்தது. முற்றத்தில் அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பட்டுச் சட்டை போட்ட ஓர் அம்மாள் நெஞ்சில் கை வைத்து ஓடி வந்து வரவேற்றாள்.

அவள் பெயர் மத்லூபா. அவள் மகள் ஜமீராவைப் பெண் கேட்டுப் பாலைவனத்துப் பக்கமிருந்து, தாம்தியிலிருந்து, கசாக் குடும்பம் ஒன்று அன்று வருவதாக இருந்தது. பையனும் பெண்ணும் கல்லூரியிலேயே பேசி முடித்துவிட்டார்கள், மத்லூபாவுக்குத்தான் மனசில்லை. ஆட்டு மந்தைக்காரர்களின் பேச்சு தனக்கு ஒரு சொல்லும் விளங்காது என்று முன்கூட்டியே முடிவு கட்டியிருந்தாள். ஆகவே வெள்ளைக் கம்பளித் தொப்பியும் வெயிலில் கறுத்த முகமுமாக ஒருவர் மனைவியோடு வந்து விளங்காத மொழியில் பேசியபோது, அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"டிக்கெட் எங்க வாங்கணும்?" என்றார் தோக்தோசுன்.

"வழியில சிரமம் இல்லையே, உள்ள வாங்க" என்றாள் மத்லூபா.

"டிக்கெட் வேண்டாமாம். வயசானவங்களுக்கு இலவசம்" என்றார் மனைவியிடம்.

மத்லூபா ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். சுவரில் தொங்கிய பூவேலைத் துணிகளைத் தொட்டு, "எல்லாம் எம் பொண்ணு கையால தைச்சது" என்றாள். "இருநூறு வருஷப் பழசாம்" என்றார் தோக்தோசுன். கூரை வரை அடுக்கியிருந்த பஞ்சு மெத்தைகளைக் காட்டி, "நாப்பது. இவளுக்குன்னே தைச்சு வச்சோம்" என்றாள். "வியாபாரிக்கு நாப்பது பொண்டாட்டியாம்" என்றார் தோக்தோசுன்.

பெண்ணின் அப்பா இஸ்மத்தும் நான்கு பெரியவர்களும் எழுந்து அவரை மரியாதைக்குரிய தலைமாட்டு இடத்தில் உட்கார வைத்தார்கள். தோளில் புது அங்கி ஒன்றைப் போர்த்தினார்கள். பலாவ் சோறு வந்தது. மியூசியம் என்றால் இப்படி நடத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டார் அவர்.

சைராகுலுக்குச் சந்தேகம் வந்தது. எந்த மியூசியத்திலும் வந்தவர்களுக்கு அங்கி போர்த்திச் சோறு போடமாட்டார்களே? அந்நேரம் ஜமீரா தேநீரோடு வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். வருங்கால மாமனார் மாமியாரின் போட்டோ அவள் போனில் இருந்தது.

சைராகுல் பையின் அடியிலிருந்து சாக்ஸை உருவிப் போனை எடுத்தாள். ஜமீரா பக்கத்தில் உட்கார்ந்து அதற்குள் கிசுகிசுத்தாள். போன் கிர்கிஸில் சொன்னது: "நீங்க யாரும்மா? எங்க அவரோட அப்பா அம்மா நீங்க இல்லையே?"

"ஐயோ மகளே, மியூசியம்னு நெனச்சு வந்துட்டோம். ஒங்கம்மாகிட்டச் சொல்லிடறேன்."

"வேண்டாம்மா. ஒரு மாசத்துல இன்னிக்குத்தான் அம்மா சிரிக்கிறாங்க. கொஞ்ச நேரம் இருங்க."

கொஞ்ச நேரம் கிடைக்கவில்லை. இஸ்மத் ஒரு ரொட்டியைக் கையில் எடுத்து, தோக்தோசுன் முன் நீட்டி ஏதோ கேட்டார்.

"கிழவரே, தொடாதீங்க!" என்றாள் சைராகுல்.

"மரியாதை தெரியாதவளே, ரொட்டிய நீட்டினா பிட்டுக் கொடுக்கறதுதானே மொறை? எனக்குப் புரியுது." இரு கையாலும் வாங்கி, படக்கென்று இரண்டாகப் பிட்டார்.

எல்லாரும் கையேந்தி ஆமின் சொன்னார்கள். பெண்கள் சர்க்கரை மிட்டாயை வீசினார்கள். பெண் வீட்டில் ரொட்டி பிட்டாகிவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அதன்பிறகு பேச்சு மாறக் கூடாது.

வாசலில் கார் நின்றது அப்போதுதான். டயர் வெடித்து மூன்று மணி நேரம் பாலைவனத்தில் நின்ற தாம்திக்காரர்கள், தூசியும் தட்டுகளுமாக உள்ளே வந்தார்கள். பையனின் அப்பா ஓரஸ்பாய் தலைமாட்டில் இருந்தவரைப் பார்த்தார். கசாக்கில் கேட்டார்: "ஐயா, நீங்க யாரு?"

இரண்டு நாளில் முதல்முறையாக ஒரு மனிதர் பேசியது தோக்தோசுனுக்கு நிஜமாகவே புரிந்தது. கசாக்கும் கிர்கிஸும் அவ்வளவு நெருக்கம். அந்த அதிர்ச்சியில் உண்மையைச் சொன்னார்: "மியூசியம் பாக்க வந்தோம்."

"எம் மவனுக்கு நீங்க ரொட்டி பிட்டிருக்கீங்களே!"

தோக்தோசுன் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார். இரண்டு பாதியையும் சேர்த்துப் பொருத்திப் பார்த்தார்.

ஜமீரா எல்லாவற்றையும் தாஜிக்கில் எடுத்துச் சொன்னாள். மத்லூபா தலையில் கட்டிய துணியின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள்; தோள் குலுங்கியது.

"அழறா பாவம்" என்றார் தோக்தோசுன் மெல்ல.

"சிரிக்கிறா. வாய மூடுங்க" என்றாள் சைராகுல்.

மத்லூபா ஓரஸ்பாயிடம் கேட்கவேண்டிய பதினொரு நிபந்தனைகளை மனசுக்குள் வைத்திருந்தாள். ஓரஸ்பாய் மூன்று நாள் மனப்பாடம் செய்த உரை ஒன்றை வைத்திருந்தார். இரண்டுக்கும் வேலையில்லை. "யார் பிட்டா என்ன, ஆமின் சொல்லியாச்சு" என்றார் இஸ்மத். போர்த்திய அங்கியைத் தோக்தோசுன் கழற்றப் போனபோது வேண்டாம் என்று தடுத்து, ஓரஸ்பாய்க்கு வேறொன்று எடுத்துவரச் சொன்னார். ஜமீரா சைராகுலின் கையை விடவே இல்லை. மீதிப் பொழுது முழுக்க இரண்டு பெண்களும் போனுக்குள் பேசிச் சிரித்தார்கள். தோக்தோசுன் ஒரு மூலையில், இனி யார் எதை நீட்டினாலும் வாங்குவதில்லை என்ற முடிவோடு உட்கார்ந்திருந்தார். அந்த முடிவு முலாம்பழம் வரும்வரை தாங்கியது.

மறுநாள் நிஜ மியூசியத்தைக் கண்டுபிடித்தார்கள். சைராகுல் போனில் கேட்டாள். இடது பக்கம் நாலாவது கதவு. டிக்கெட் கேட்டார்கள். அறைக்கு அறை கயிறு கட்டியிருந்தது. யாரும் தேநீர் தரவில்லை.

"மட்டமான மியூசியம்" என்றார் தோக்தோசுன். புது அங்கியைச் சரிசெய்துகொண்டு, ஜன்னலோரம் விரித்திருந்த பழைய மெத்தையில் உட்கார்ந்தார். காவல்காரப் பெண் மூலையிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு கத்தியபடி ஓடி வந்தாள்.

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கூர்ந்து கேட்டார். பிறகு மனைவியைப் பார்த்து, அறுபத்தைந்து வயதில் முதல்முறையாக, "என்ன சொல்றா?" என்றார்.